உலகத்தை நினைத்தே உடைந்து போகும் மேலாளர்: கோச்சிங்கை எங்கிருந்து தொடங்குவது?

குழித்துறைக்காரி | 12 செப்டம்பர் 2025

எல்லோருக்கும் வணக்கம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்களில் மேலாளர்களோடு தனியாக உட்கார்ந்து பேசி, அவர்கள் வேலையை அவர்களே சீர்படுத்திக்கொள்ள உதவும் கோச்சிங்தான் என் தொழில். இப்போது நான் சந்திக்கும் ஒருவரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

விளவங்கோடு பக்கம் ஒரு அண்டி ஆபீஸ். வெளி மாவட்டத்து நண்பர்களுக்காக: முந்திரி ஆலையைத்தான் சொல்கிறேன். ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகத் தோட்டண்டி, அதாவது ஓடு நீக்காத முந்திரிக்கொட்டை, வருகிறது. அவித்து, உடைத்து, போர்மா என்ற உலர்த்தும் அடுப்பில் காயவைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, பருப்பாக வெளியே போகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பொது மேலாளருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நன்றாகப் படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர், கைசுத்தம். ஒக்கி புயல் சமயத்தில் லாரி பிடித்து அரிசியும் பாயும் கடற்கரை ஊர்களுக்குக் கொண்டுபோனவர் என்று ஊழியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு மேற்பார்வையாளர்கள் கூட்டம். சாயா வந்ததும் அவர் போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஆரம்பிப்பார். காசாவில் பட்டினி. உக்ரைனில் குண்டு. செங்கடலில் கப்பல்கள் படும் பாடு. போன மாதம் 27ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா நம் பொருட்கள் மேல் போடும் 50 சதவீத வரி. பதிவான ஆண்டுகளிலேயே 2024தான் மிக வெப்பமானது என்ற செய்தி. செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு யாருக்கு வேலை மிஞ்சும் என்ற கேள்வி. ஒரு நாள் நான் ஓரமாக உட்கார்ந்து கவனித்தேன். தரம் பிரிக்கும் பகுதியின் மேற்பார்வையாளர் நோட்டை விரித்து, மேலே தேதி போட்டு, பேனாவோடு காத்திருந்தார். கூட்டம் முடிந்தபோதும் அந்தப் பக்கத்தில் தேதி மட்டும்தான் இருந்தது.

போர்மாவை மாற்றும் திட்டம் மேசையில் கிடக்கிறது. புதிய மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சி தள்ளிக்கொண்டே போகிறது. கேட்டால், "அஞ்சு வருஷத்துல இந்தத் தொழிலே இருக்குமான்னு தெரியல, இப்போ எதுக்கு?" என்கிறார். முதலாளி குடும்பம் என்னிடம் கேட்டது, "அவரைக் கொஞ்சம் பாசிட்டிவா மாத்திக் கொடுங்க" என்று. அதை அப்படியே நோக்கமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வாசிக்கும் செய்திகளில் பொய் எதுவும் இல்லையே. இதுவரை அறிமுகப் பேச்சு மட்டும்தான் நடந்திருக்கிறது. நீங்களாக இருந்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

வடசேரி வாத்தியார் | 12 செப்டம்பர்

அம்மா, அவர் பார்ப்பது பாதிப் படம். மீதிப் பாதியைக் காட்டுங்கள். 1990இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் தொண்ணூறுக்கு மேல் ஐந்து வயதுக்குள் இறந்துபோயின. இன்று அது நாற்பதுக்கும் கீழே வந்துவிட்டது. பெரியம்மை 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக அறிவித்தார்கள். இந்தியாவில் கடைசி போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றிதழே வந்தது. ஓசோன் படலத்தைப் பற்றி நான் வகுப்பில் பயத்தோடு பாடம் நடத்திய காலம் உண்டு. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு உலக நாடுகள் சேர்ந்து அந்த ரசாயனங்களை நிறுத்தின, படலம் மெல்ல மீண்டுவருகிறது. இதெல்லாம் தலைப்புச் செய்தியாக வராது. முப்பது வருஷமாக மெதுவாக நடந்த நல்லதை எந்த நாளின் செய்தியாகப் போடுவார்கள்? கணக்கில் கெட்டிக்காரர் என்கிறீர்களே, கணக்கையே காட்டுங்கள்.

கடலோரத்தான் | 12 செப்டம்பர்

வாத்தியார் ஐயா, நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் முதல் சந்திப்பிலேயே இதை எடுத்து வைத்தால் அந்த மனுஷன் வாதத்துக்குத்தான் தயாராவார். நீங்கள் போலியோ சொன்னால் அவர் வெப்பத்தைச் சொல்வார். நீங்கள் ஓசோன் சொன்னால் அவர் பட்டினியைச் சொல்வார். படிக்கிறவர் வேறு, உங்களைவிட அதிகமான தகவல் கையில் வைத்திருப்பார்.

நான் குளச்சல் பக்கம். 2004 டிசம்பர் 26 எங்கள் கரையில் என்ன செய்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தபோது ஆழ்கடலில் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை. எங்கள் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் காற்றைப் பற்றித்தான் பேச்சு. அதை அவநம்பிக்கை என்று ஒருவர் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பட்டவர்களின் அறிவு அது. காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லி அந்த டிசம்பரில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்திலேயே உட்கார்ந்தார்களே, அவர்கள் எல்லோரும் பயந்தவர்கள்தான். இன்று படகுகளில் இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறது, கரையிலிருந்து எச்சரிக்கை போகிறது. பயந்தவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் அது வந்தது.

அதனால் அக்கா, அவர் பயப்படுவதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அந்தப் பயம் இப்போது யாரிடமும் எதையும் கேட்காமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. அதுதான் கவனிக்க வேண்டியது என்று எனக்குப் படுகிறது. ஒக்கிக்கு அரிசி மூட்டை தூக்கிய ஆள் அவர். அந்தக் கைக்கு இப்போது என்ன வேலை இருக்கிறது என்று கேட்டுப்பாருங்கள்.

பார்வதிபுரம் ஆலோசகர் | 13 செப்டம்பர்

நான் மனநல ஆலோசகராக வேலை செய்கிறேன். கோச்சிங் தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் எப்படி? பசி எப்படி? முன்பு பிடித்திருந்த விஷயங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா? வீட்டிலும் இப்படித்தானா, இல்லை ஆபீஸில் மட்டுமா? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடந்தால், எதிலும் நாட்டமில்லாமல் போனால், அது மன அழுத்த நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். உலகக் கவலை சில சமயம் உள்ளே இருக்கும் நோய் வெளியே பேசும் மொழி. அவர் தயங்கினால் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இன்னொன்று, செய்தி பார்க்கும் நேரம். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. அடுத்த வாரத்தில் தினமும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அதைப் பற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் நேரடியாகச் சிக்கியவர்களைவிட அதிக மன உளைச்சலைச் சொன்னார்கள். இதைச் சொன்னதும் "அப்போ செய்தியே பார்க்காதீங்க" என்று உபதேசம் செய்ய வேண்டாம். எந்த நேரத்தில், எவ்வளவு நேரம், எந்தச் செயலியில் பார்க்கிறார் என்று அவரே ஒரு வாரம் எழுதிவைக்கட்டும். கணக்குத் தெரிந்தவர் தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வார்.

கருங்கல் அக்கா | 13 செப்டம்பர்

நான் அண்டி ஆபீஸில் தோல் உரிக்கும் பகுதியில் மேற்பார்வை பார்த்தவள். இப்போது ஓய்வு. எல்லோரும் சார் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பக்கத்தையும் கேளுங்கள்.

காலையில் மேலே என்ன பேசினார்கள் என்பது பத்து மணிக்குள் கடைசி மேசை வரை வந்துவிடும். வரும்போது முழுசாக வராது. "தொழில் இருக்குமான்னு தெரியல" என்று அவர் மேலே சொன்னால் கீழே "ஆபீஸை மூடப்போறாங்களாம்" என்று வரும். இந்த மாவட்டத்தில் எத்தனையோ அண்டி ஆபீஸ் மூடியதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் உடனே நம்புவோம். ஒருத்தி தையல் படிக்கப் போகிறாள், ஒருத்தி நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுக்கிறாள், நல்ல கைவேலைக்காரி ஒருத்தி அடுத்த கம்பெனிக்குப் போய்விடுகிறாள். முழுப் பருப்பை உடையாமல் உரிக்கத் தெரிந்த கை திரும்பக் கிடைக்காது. அவர் பயந்தது அவர் வாயாலேயே நடக்கிறது.

அவர் நல்லவர் என்பது எனக்குப் புரிகிறது. நல்லவர் சொல்வதைத்தான் நாங்கள் அதிகமாக நம்புவோம், அதனால்தான் சொல்கிறேன். உலகம் கஷ்டத்தில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும் மக்களே. எங்களுக்குத் தெரியவேண்டியது அடுத்த மாதம் வேலை இருக்கிறதா என்பது.

தக்கலை தோழர் | 14 செப்டம்பர்

நான் ஒரு மாற்றுக் கருத்தை வைக்கிறேன். இந்தக் கோச்சிங்குக்குப் பணம் கொடுப்பது யார்? முதலாளி. அவருக்கு வேண்டியது என்ன? மேலாளர் வாயை மூட வேண்டும். வெப்பம் கூடுகிறது என்று அவர் சொல்வது உண்மையென்றால், தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து உரிக்கும் பெண்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்ற கேள்வி முதலாளியிடம் போக வேண்டும். அதை விட்டுவிட்டு மேலாளரின் மனநிலையைச் சரிசெய்கிறோம் என்று கிளம்பினால், அமைப்பின் குறையைத் தனி மனிதனின் குறையாக்குகிறோம். அவநம்பிக்கையோடு இருப்பவர் குறைந்தபட்சம் உண்மையாவது பேசுகிறார். சிரித்த முகத்தோடு "எல்லாம் சரியாகும்" என்று சொல்லும் மேலாளர்களிடம் நாங்கள் எத்தனை பேச்சுவார்த்தையில் உட்கார்ந்திருக்கிறோம்!

குழித்துறைக்காரி | 14 செப்டம்பர்

தோழர், இந்தக் கேள்வியை நானும் முதலாளியிடமே வைத்தேன். மூன்று தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொண்ட பிறகுதான் வேலையை ஏற்றேன். சார் என்னிடம் பேசுவது முதலாளிக்குப் போகாது. நோக்கத்தை சார்தான் முடிவு செய்வார். "பாசிட்டிவ்" என்ற வார்த்தை அந்தத் தாளில் இல்லை. சார் தன் வாயால் சொன்ன நோக்கம் இது: "கூட்டம் முடிஞ்சு எழுந்து போறவங்களுக்கு இன்னைக்கு என்ன செய்யணும்னு தெரிஞ்சிருக்கணும்." அந்த வெறும் தேதி போட்ட பக்கத்தை நான் அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

கருங்கல் அக்கா, உங்கள் பதிவை அவருக்குக் காட்டலாமா?

கருங்கல் அக்கா | 14 செப்டம்பர்

தாராளமாகக் காட்டுங்கள் பிள்ளே.

கீரிப்பாறை | 15 செப்டம்பர்

ரப்பர் தோட்டத்தில் மேலாளராக இருக்கிறேன். எனக்கும் அந்த சாரின் சுபாவம்தான். எதை எடுத்தாலும் மோசமானதுதான் முதலில் கண்ணில் படும். வீட்டில் எல்லோரும் என்னைத் திருத்தப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆனால் தோட்டத்தில் அதே சுபாவம்தான் எனக்குச் சோறு போடுகிறது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) இந்த வருஷம் முன்கூட்டியே வந்துவிடும், பால்வெட்டு நின்றுவிடும் என்று சித்திரையிலேயே எனக்குக் கலக்கம் பிடித்துவிடும். அதனால் மரங்களுக்கு மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டும் வேலையை மற்ற தோட்டங்களுக்கு முன்னால் முடித்துவிடுவேன். மழை பெய்யும்போது எங்கள் ஆட்கள் வெட்டுக்குப் போவார்கள்.

உளவியலில் இதற்கு ஒரு பெயரே உண்டு, தற்காப்பு அவநம்பிக்கை. ஜூலி நோரம், நான்சி கேண்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் எழுதியது. சிலர் மோசமானதைக் கற்பனை செய்து பார்த்து, அதற்குத் தயாராவதன் மூலம்தான் தங்கள் பதற்றத்தை வேலையாக மாற்றுகிறார்கள். அவர்களை வலுக்கட்டாயமாக உற்சாகப்படுத்தினால் வேலை கெட்டுப்போகிறது. சாரும் அந்த வகையா என்று பாருங்கள். அந்த வகையென்றால் அவருடைய கவலைப்பட்டியல் கம்பெனிக்குச் சொத்து. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு கவலையின் கடைசியிலும் பிளாஸ்டிக் கட்டும் ஒரு ஆளும் ஒரு தேதியும் இருக்க வேண்டும். எனக்கு மழையோடு முடிகிறது. அவருக்கு உலகம் முழுவதும் விரிகிறது, அங்கேதான் ஆளும் தேதியும் கிடைக்காமல் போய்விடுகிறது.

பார்வதிபுரம் ஆலோசகர் | 15 செப்டம்பர்

கீரிப்பாறை சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மார்ட்டின் செலிக்மன் என்ற உளவியலாளர், கெட்டது நடக்கும்போது மனிதர்கள் அதற்கு என்ன விளக்கம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்தவர். "இது என்றைக்கும் மாறாது", "எல்லாமே இப்படித்தான்" என்ற இரண்டு விளக்கங்களும் ஆளை முடக்கிப்போடுகின்றன. சாரின் பேச்சில் இவற்றைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அமெரிக்கா வரி போட்டுவிட்டது" என்பது செய்தி. "இனி ஏற்றுமதியே கிடையாது" என்பது அவர் சேர்த்தது. செய்தியை மறுக்க வேண்டாம். சேர்த்ததை மட்டும் மெல்ல எடுத்து, "இது எவ்வளவு நாளைக்கு? எந்தெந்த வாடிக்கையாளருக்கு?" என்று கேட்டாலே போதும்.

குழித்துறைக்காரி | 30 செப்டம்பர்

நிறையப் பேர் தனிச்செய்தியில் விசாரித்தீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஆலோசகர் சொன்னதைப் பேசினேன். தூக்கம் சரியில்லை என்று அவரே சொன்னார். நடு இரவுக்கு மேல் போனில்தான் இருக்கிறார். மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார், போனார். அதற்குமேல் அது அவருக்கும் மருத்துவருக்கும் இடையிலானது.

அப்புறம் கவலைகள். அவர் மனதில் இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லச் சொன்னேன். குறுக்கே பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் பரப்பினோம். பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "சார், இது நம்ம ஆபீஸுக்குள்ள எந்த வாசல் வழியா வருது?"

செங்கடல் சீட்டை எடுத்தார். 2023 நவம்பரிலிருந்து அங்கே கப்பல்கள் தாக்கப்படுகின்றன. ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நன்னம்பிக்கை முனை வழியாகப் போகின்றன, பத்து நாளாவது கூடுதலாகிறது. இதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "அது இங்கே எப்படி வருது?" என்று திரும்பக் கேட்டேன். சரக்கு தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் பணம் தாமதமாக வரும், ஏற்றுமதிக் கடனுக்கு அத்தனை நாள் வட்டி கூடும் என்றார். சொல்லிக்கொண்டே எழுந்துபோய் ஒரு கோப்பை எடுத்துவந்து விரித்தார். பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "நாம இன்னும் பழைய நாள் கணக்குலதானே அனுப்புற தேதி கொடுத்துட்டு இருக்கோம்" என்றார். அவ்வளவு நாள் தினமும் காலையில் செங்கடலைப் பற்றிப் பேசிய அறையில் அதைப் பற்றிச் செய்யவேண்டிய காரியம் அன்றுதான் கண்ணில் பட்டது. ஏற்றுமதிப் பிரிவுத் தம்பியைக் கூப்பிட்டு, தேதிகளைத் திருத்தவும் வங்கியில் கடன் காலத்தை நீட்டிக் கேட்கவும் சொன்னார். சீட்டின் மூலையில் தம்பியின் பெயரும் ஒரு தேதியும் ஏறின. கீரிப்பாறை அண்ணன், உங்கள் நிபந்தனைதான்.

வரிச் சீட்டுக்கு அமெரிக்க வாடிக்கையாளர்களின் பட்டியல் வந்தது. அவர் பயந்த அளவுக்கு அது நீளமாக இல்லை. தீபாவளி நெருங்குகிறது, உள்நாட்டில் இனிப்புக் கடைகளுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று விற்பனைப் பிரிவோடு பேசுகிறார்.

வெப்பச் சீட்டில்தான் அதிக நேரம் உட்கார்ந்தோம். உலகச் சராசரி எத்தனை டிகிரி கூடியிருக்கிறது என்று தசம புள்ளியோடு சொன்னார். உரிக்கும் கொட்டகைக்குள் மத்தியானம் மூன்று மணிக்கு எத்தனை டிகிரி என்று கேட்டேன். தெரியவில்லை. மறுநாளே ஒரு வெப்பமானி வாங்கி அங்கே சுவரில் மாட்டினார். வெளியே நிழலில் இருப்பதைவிட உள்ளே நன்றாகவே கூடுதல். மத்தியானத்துக்குப் பிறகு உடைந்த பருப்பு ஏன் கூடுகிறது என்று பல மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தார்களாம். வியர்த்த விரலும் களைத்த கண்ணும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று உரிக்கும் பகுதி அக்காவே சொன்னார். இப்போது வேலை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்குகிறது. கூரைக்கு வெப்பம் தடுக்கும் வெள்ளைப் பூச்சு கேட்டு சாரே கையெழுத்துப் போட்டு முதலாளிக்கு எழுதினார். தோழர், உங்கள் கேள்வி முதலாளியிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு கொட்டகைக்கு மட்டும் அனுமதி கிடைத்திருக்கிறது. மற்றதற்குத் திரும்ப எழுதப்போகிறார்.

காசா சீட்டு மேசையிலேயே கிடந்தது. அதற்கு வாசல் இல்லை. "இது நம்ம சோலிக்கு வராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைகளைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கது?" என்று கேட்டார். குரல் உடைந்துவிட்டது. அந்தச் சீட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தால் நான் செய்வது கோச்சிங்கே இல்லை. கடலோரத்தான் தம்பி சொன்ன கேள்வியைத்தான் கேட்டேன்: ஒக்கி சமயத்தில் எப்படி இருந்தது? வெகுநேரம் பேசினார். அன்றைக்கும் மனம் கனத்துத்தான் இருந்ததாம், ஆனால் ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்ததாம். இப்போது பார்ப்பது மட்டும்தான், செய்வதற்கு ஒன்றுமில்லை. நிவாரண அமைப்பு ஒன்றுக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்ப முடிவு செய்தார். அவர் ஊர் வாசகசாலையில் சனிக்கிழமை மாலை இளைஞர்களோடு உலகச் செய்திகளைப் பேசும் கூட்டம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். அங்கே அவர் மணிக்கணக்கில் பேசலாம், கேட்கிறவர்களும் எதிர்த்துப் பேசலாம். வாத்தியார் ஐயா, உங்கள் கணக்குகளுக்கு அதுதான் சரியான இடம். உங்களைக் கூப்பிடலாமா என்று அவரே கேட்டார்.

காலைக் கூட்டம் மாறியிருக்கிறது. போன் மேசை டிராயருக்குள் போகிறது. அது அவர் தனக்கே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு, நான் சொன்னதல்ல. ஆள் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன். நடுவில் ஒரு நாள் காலையில் மறுபடி ஆரம்பித்துவிட்டார். தரம் பிரிக்கும் பகுதி மேற்பார்வையாளர், "சார், இதுல நான் எழுதிக்க வேண்டியது எது?" என்று கேட்டிருக்கிறார். கேட்கும் உரிமையை அவருக்கு சாரே முன்கூட்டிக் கொடுத்திருந்தார். அன்று அந்தக் கேள்வி வேலை செய்தது.

தக்கலை தோழர் | 30 செப்டம்பர்

ஒரு கொட்டகைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும் மேலாளரே எழுதிக் கேட்டார் என்பது பெரிய விஷயம்தான். வெப்பமானியில் பார்க்கும் அளவைத் தினமும் ஒரு பதிவேட்டில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை எழுதும்போது அந்தப் பதிவேட்டின் நகலையும் இணைத்தால் மறுப்பது கஷ்டம்.

வடசேரி வாத்தியார் | 1 அக்டோபர்

கட்டாயம் வருகிறேன் அம்மா. கடலோரத்தான் சொன்னது எனக்கு நன்றாகப் புரிகிறது, துக்கத்தின் முன்னால் புள்ளிவிவரம் நிற்காது. ஆனால் நல்லதும் நடந்திருக்கிறது என்பதை அந்த இளைஞர்கள் கேட்டாக வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பெரியம்மை தானாக ஒழியவில்லை. ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி குத்தினவர்கள் இருந்தார்கள். பதினெட்டு வயதுப் பையனிடம் உலகம் முடிந்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அவன் எந்த வேலைக்குத் தயாராவான்?

குழித்துறைக்காரி | 3 அக்டோபர்

ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சீட்டு. அதற்கு வாசல் இருக்கிறது, பெரிய வாசல். நிறம் பார்த்துப் பருப்பைத் தரம் பிரிக்கும் இயந்திரம் வாங்க முதலாளி தீர்மானித்துவிட்டார். தரம் பிரிக்கும் பெண்களிடம் சார்தான் சொல்ல வேண்டும். அவர் பயப்படுவது இதுதான்: பேச ஆரம்பித்தால் "இனிமே எல்லா வேலையும் மெஷினுக்குத்தான்" என்று தன் வாயில் வந்துவிடும், அதைத் தடுக்கப் பார்த்தால் "ஒண்ணும் ஆகாது" என்று பொய் வந்துவிடும். கருங்கல் அக்கா, அந்தப் பெண்கள் என்ன கேட்க விரும்புவார்கள்?

கருங்கல் அக்கா | 3 அக்டோபர்

பெட்டி வந்து இறங்கும் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டால் அப்புறம் அவர் என்ன சொன்னாலும் ஏறாது. சம்பளம் கொடுக்கும் சனிக்கிழமை வேண்டாம், அன்று வீட்டுக் கணக்கே மனதில் ஓடும். வாரத் தொடக்கத்தில், காலையில், மைக் இல்லாமல், கொட்டகைக்குள் வந்து அவர்கள் கூடவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொல்லட்டும்.

எந்த மேசை வேலை குறையும், எந்த மாதத்திலிருந்து, அந்த மேசையில் இருக்கிறவர்கள் எங்கே போவார்கள், கூலி குறையுமா. இதற்கு மட்டும் பதில் வேண்டும். இயந்திரம் பிரித்த பிறகும் கையால் பார்த்து எடுக்க ஆட்கள் வேண்டும், அதற்கு யாரைப் பழக்கப்போகிறார்கள் என்று பெயரோடு சொல்ல முடிந்தால் நல்லது. தெரியாததைக் கேட்டால், "அது இன்னும் முடிவாகல, இந்தத் தேதிக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லட்டும், சொன்ன தேதியில் வரட்டும். நாங்கள் பொறுத்துக்கொள்வோம். உலகத்தில் என்ன நடக்கிறது என்று அன்றைக்கு ஒரு வார்த்தையும் வேண்டாம். யாராவது அழுதால் எழுந்து போகாமல் அங்கேயே இருக்கச் சொல்லுங்கள்.

"யாருக்கும் வேலை போகாது" என்று முதலாளி எழுத்தில் தராமல் அதை அவர் வாயால் சொல்லவே கூடாது பிள்ளே. அவர் சொன்னால் நாங்கள் நம்பிவிடுவோம்.

குழித்துறைக்காரி | 4 அக்டோபர்

இன்று இதை அப்படியே அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். கூலி பற்றியும் இடமாற்றம் பற்றியும் முதலாளியிடம் எழுத்தில் வாங்கிய பிறகுதான் கொட்டகைக்குப் போவேன் என்கிறார். திங்கட்கிழமை முதலாளியைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறார். என்னென்ன கேட்க வேண்டும் என்று இப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார்.

தக்கலை தோழர் | 4 அக்டோபர்

எழுத்தில் வாங்கும்போது எத்தனை மாதத்துக்கு என்பதையும் அதில் போடச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாத உறுதிக் கடிதங்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். வேறு வேலைக்கு மாற்றினால் பழைய கூலி தொடரும் என்ற வரியும், பணிக்காலம் தொடர்ச்சியாகக் கணக்கிடப்படும் என்ற வரியும் தனித்தனியாக வேண்டும். இரண்டாவது இல்லையென்றால் பின்னால் பணிக்கொடையில் அடிபடும். மாதிரிக் கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.